தாம்பூலப் பையில் போன போர்

இந்த வலைப்பூவைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் வழக்கம் தெரியும். தாம்பரத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்கு மேல் போக மாட்டேன். ஏரி, கோயில், நல்ல காபி கிடைக்கும் இடம், எந்த பஸ் கை காட்டினாலும் நிற்காது என்கிற தகவல், இவ்வளவுதான் என் சரக்கு. இந்த முறை பார்க்க வேண்டிய இடம் என்று எதுவும் இல்லை. என் கணவர் எழுதிய ஒரு புத்தகத்தைத் தேடிப் போனோம். போன ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ராஜகீழ்ப்பாக்கத்தில் கிளம்பி சிட்லபாக்கம், அஸ்தினாபுரம், குரோம்பேட்டை, பிறகு தாம்பரம் வழியாக மறுபடி வீடு. மொத்தம் பதினாறு கிலோமீட்டர் இருந்தால் அதிகம். ஆனால் இவ்வளவு சோர்ந்து போய் நான் வீடு திரும்பிய பயணம் வேறு கிடையாது.

என் கணவர் சோமசுந்தரம் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெற்கத்திப் பாளையக்காரர்கள் வெள்ளைக்காரக் கம்பெனியை எதிர்த்து நடத்திய போர் மேல் அவருக்கு ஒரு பைத்தியம். மற்றவர்கள் லீவு போட்டு ஊட்டிக்குப் போவார்கள். நாங்கள் இடிந்த மண்கோட்டை பார்க்கப் போவோம். "கோட்டை எங்கேங்க?" என்று கேட்டால், ஒரு வேலிக்காத்தான் புதரைக் காட்டி, "இங்கேதான் இருந்தது" என்பார். அந்த அலைச்சலில் இரண்டு புத்தகங்கள் எழுதினார். பெரியவர்களுக்கு முந்நூறு பக்கத்தில் ஒன்று, பிள்ளைகளுக்கு நாற்பது பக்கத்தில் படங்களோடு ஒன்று.

பிள்ளைகள் புத்தகம்தான் அவருக்கு உயிர். முற்றுகையில் மாட்டிக்கொண்ட கோட்டைக்குள், சண்டை போடுகிறவர்களுக்குத் தண்ணீர் சுமந்து கொடுக்கும் ஒரு சின்னப் பெண்ணின் கதை. படம் போட்டவர் அவருடைய அலுவலக நண்பர், இப்போது இல்லை. நன்றாகத்தான் போடுவார், குதிரை மட்டும் அவருக்கு வராது. எத்தனை தடவை போட்டாலும் நாய்க்குக் கால் நீண்ட மாதிரி வந்தது. அவர் மனம் நோகக் கூடாது என்று என் கணவர் கதையிலிருந்தே குதிரைகளை எடுத்துவிட்டார். கம்பெனித் தளபதிகூட அந்தப் புத்தகத்தில் நடந்துதான் வருவான்.

சொந்தக் காசில் அச்சடித்த புத்தகங்கள் கட்டுக் கட்டாகக் கட்டிலுக்கடியில் கிடந்தன. அப்போதுதான் எங்கள் மகள் கல்யாணம் வந்தது. தாம்பூலப் பையில் தேங்காய், வெற்றிலை பாக்கோடு இரண்டு புத்தகத்தையும் போடுவது என்று இவர் முடிவு செய்தார். முதல் பக்கத்தில் மணமக்கள் பெயர் அச்சடித்த சீட்டு ஒட்டினோம். மண்டப வாசலில் இவர் நின்று ஒவ்வொருவர் கையிலும் பையைக் கொடுத்த அழகைப் பார்க்க வேண்டுமே, பெண்ணைக் கட்டிக்கொடுத்த அப்பாவாகவே தெரியவில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஆளுக்கு இரண்டு பை எடுத்ததில் கடைசியில் பை போதவில்லை. இவர் வீட்டுக்கு ஓடி, அலமாரியில் தனக்கென்று வைத்திருந்த பிரதிகளையும் கொண்டுவந்து போட்டுவிட்டார். "எல்லார் வீட்டுலயும் இருக்கப் போவுது வசந்தா, நமக்கு எதுக்கு தனியா?" என்றார்.

அதோடு புத்தகம் எங்கள் கையை விட்டுப் போனது. கணினியில் தட்டச்சு செய்து கொடுத்த கடை மூடப்பட்டு, அந்தக் கணினி பழைய இரும்போடு போயிற்று. கையெழுத்துப் பிரதியை இவரே வீடு மாற்றும்போது கழித்துவிட்டார். நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே கொடுக்காமல் விட்டார். இதற்கிடையில் கண்ணில் அழுத்தம் கூடி வலக்கண் முழுதும் போனது. இடக்கண்ணில் நடுவில் மட்டும் கொஞ்சம் பார்வை. அதுவும் எவ்வளவு நாளைக்கு என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இந்த நிலைமையில்தான் ஒரு சின்னப் பதிப்பகத்துக்காரர் யார் மூலமோ கேள்விப்பட்டுப் போன் செய்தார். பெரியவர்கள் புத்தகம் விற்காது சார், பிள்ளைகள் புத்தகம் ஒரு பிரதி கிடைத்தால் பெரிய எழுத்தில், கலரில் போட்டுத் தருகிறேன், ஆகஸ்ட்டுக்குள் கொண்டுவரலாம் என்றார். பெரிய எழுத்து என்றதும் இவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். தன் புத்தகத்தைத் தன் கண்ணாலேயே படித்துவிடலாம் என்கிற ஆசை. "நீங்க மறுபடி சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்" என்று நான் நோட்டை எடுத்து உட்கார்ந்தும் பார்த்தேன். ஒரு பக்கம் சொன்னார், அடுத்த நாள் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "வேணாம் வசந்தா. இது அதில்ல" என்று எழுந்து போய்விட்டார்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். கும்பிடு போட்ட கைகள் வந்தன, பூங்கொத்து வந்தது, ஒருவர் எதற்கோ வாழ்த்துகள் என்று போட்டிருந்தார். புத்தகம் வரவில்லை. சிட்லபாக்கத்தில் இருக்கும் இவருடைய பழைய சக ஊழியர் ராமநாதன் மட்டும், "பத்திரமா இருக்கு, நேர்ல வாங்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் கிளம்பினோம்.

காலை எட்டு மணிக்கு ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் ஆட்டோ பிடித்தோம். சிட்லபாக்கம் ஏரிக்கரை இரண்டரை கிலோமீட்டர், நூறு ரூபாய். ஏரியைச் சுற்றி நடப்பவர்கள் இன்னும் நடந்துகொண்டிருந்தார்கள். வழக்கமாக இங்கே நான் தண்ணீர், பறவை என்று இரண்டு பத்தி எழுதுவேன். அன்று என் கண் முழுக்கத் தரையில்தான் இருந்தது, இவர் கால் எதில் இடறுமோ என்று.

ராமநாதன் சார் வெள்ளை வேட்டியில் வாசலுக்கே வந்து இவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். காபி வந்தது. பிறகு அவர் மனைவி பூஜை அறைக்குள் போய்ப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். பெரியவர்கள் புத்தகம். மேலே சுற்றிய கண்ணாடித்தாள்கூடப் பிரியவில்லை. அதன் மேல் சந்தனமும் குங்குமமும் அடுக்கடுக்காகக் காய்ந்திருந்தன.

"வருஷா வருஷம் சரஸ்வதி பூஜைக்கு இதத்தான் மேல வெக்கறது" என்றார் அந்த அம்மா. "நம்ம சார் எழுதினதாச்சே."

இவர் அதைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தார். கண்ணாடித்தாள் விரலில் சறுக்கியது. "பிரிக்கவே இல்லையா?" என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை, தகவல் கேட்கிற மாதிரி.

"அழுக்காயிடும்னுதான் சார்" என்றார் ராமநாதன்.

பிள்ளைகள் புத்தகம்? அது கல்யாணம் நடந்த வருஷமே கைமாறிவிட்டதாம். அவர் மகளின் தோழி சுதா, அஸ்தினாபுரத்தில் இருக்கிறார். அவர் பையனின் பிறந்தநாளுக்கு அதைக் கொடுத்துவிட்டார்கள். "பசங்க இருக்கற வீட்டுல இருந்தா படிப்பாங்கன்னு" என்றார் ராமநாதன். நியாயமான பேச்சுதான், குறை சொல்ல முடியாது. முகவரியை வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

சிட்லபாக்கத்திலிருந்து அஸ்தினாபுரம் மூன்று கிலோமீட்டருக்குள். ஆட்டோக்காரர் நூற்றிருபது கேட்டார், நூறு ரூபாய்க்கு வந்தார். வழியில் ஒரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள், ஸ்பீக்கர் சத்தத்தில் காது போயிற்று. சத்தம் தாண்டியதும் ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்.

"இன்னா சார், காலங்காத்தால வூடு வூடா சுத்திகினு கீறீங்க? கல்யாண பத்திரிகையா?"

"புக்கு தேடறோம்ப்பா" என்றார் இவர். "நான் எழுதினது. சண்டையப் பத்தி."

"எந்த சண்ட சார்?"

"வெள்ளைக்காரன எதிர்த்து நம்மாளுங்க போட்டது. தெக்கத்திச் சீமையில."

ஆட்டோக்காரர் கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே ஓட்டினார். "அதான் சொதந்திரம் வாங்கிட்டமே சார். இன்னும் இன்னாத்துக்கு அத்தப் போயி தேடிகினு?" என்றார். நக்கல் இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இவரிடம் எப்போதும் அதற்குப் பதில் இருக்கும், அரை மணி நேரத்துக்கு இருக்கும். அன்று "இறங்கற இடம் வந்துடுச்சா?" என்று மட்டும் கேட்டார்.

சுதா வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. படி ஏறுவது இவருக்குப் பரவாயில்லை, இறங்குவதுதான் கஷ்டம், ஓரம் தெரியாது. மேலே போய்ச் சேர்ந்தபோது ஒன்பதரை. சுதா நல்ல பெண். விஷயத்தைக் கேட்டதும் முகம் சுருங்கிப் போயிற்று.

"ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. அந்த பர்த்டேக்கு அவ்ளோ கிஃப்ட் வந்துச்சு. டபுளா இருக்கறது, யூஸ் ஆகாததுன்னு ஒரு கபோர்டுல போட்டு வெச்சிடுவேன். யாராவது கூப்பிட்டா அதுல இருந்து எடுத்துட்டுப் போறதுதான்."

அந்த அலமாரியைத் திறந்தும் காட்டினார். நம் எல்லார் வீட்டிலும் இருக்கிற அலமாரிதான், மறைப்பானேன். சுவர்க் கடிகாரம், போட்டோ சட்டம், பிரிக்காத ஹாட்பாக்ஸ், யார் கொடுத்தது என்று மறந்துபோன குத்துவிளக்கு. வந்த வீட்டுக்கே திரும்பிப் போய்விடக் கூடாது என்று ஒவ்வொன்றிலும் கொடுத்தவர் பெயரைப் பென்சிலில் குறித்திருந்தார். நான் என் வீட்டில் செய்வதும் இதேதான். அதனால் எனக்குச் சுதா மேல் கோபம் வரவில்லை, கோபம் வரவில்லையே என்றுதான் வருத்தம் வந்தது. இவர் மட்டும் அலமாரிக்குள் தலையைக் கொடுத்து ஒவ்வொரு தட்டாகக் கையால் துழாவினார். சுதா என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

"அங்கிள், அது இங்க இல்ல" என்றார் சுதா கடைசியில். "ஜபருல்லா பாய் பொண்ணுக்குக் கொடுத்தேன். ஹார்டுவேர்ஸ் வெச்சிருக்காரே, எங்க ஃப்ளாட்டுக்கு பைப் எல்லாம் அவர்கிட்டதான் வாங்கறது. அவ பர்த்டே ஃபங்ஷனுக்குப் போனப்ப." அவரே பாய்க்குப் போன் செய்தார். மறுமுனையில் பாய் உள்ளே யாரையோ கேட்டுவிட்டு, "இருக்கும்மா, வரச் சொல்லுங்க" என்றது எங்களுக்கும் கேட்டது.

படி இறங்கும்போது இவர் என் தோளை அழுத்திப் பிடித்திருந்தார். சந்தோஷத்தில் அவர் அப்படிப் பிடித்து ரொம்ப நாளாயிற்று.

அஸ்தினாபுரத்திலிருந்து குரோம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது ரூபாய், ஞாயிறு என்றால் கால் மணி நேரம். ஜபருல்லா பாய் வீடு கடைக்கு மேலேயே. கீழே குழாய்களும் பெயின்ட் டப்பாக்களும், மேலே வீடு. "வாங்க சார், வாங்கம்மா" என்று நாற்காலி போட்டார். சர்பத் கொடுத்தார். எட்டாவது படிக்கும் மகள் ஆயிஷா கதவோரம் நின்றாள். பாய் பரணில் ஏறி, ஒரு நீளமான பிளாஸ்டிக் குழாயை இறக்கினார். கடையில் விற்கும் தண்ணீர்க் குழாயேதான், இரண்டு பக்கமும் மூடி போட்டது.

"ஸ்கூல் சார்ட் எல்லாம் மடங்கிடுதுன்னு இதுலதான் போட்டு வெக்கறது" என்றார்.

குழாயிலிருந்து சுருட்டிய சார்ட் தாள் வந்தது. அதோடு ஒரு அட்டையும் விழுந்தது. புத்தகத்தின் அட்டை, முதல் தாள் ஒன்று அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. நடுவில் ஒன்றுமில்லை. முதல் தாளில் ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர், இரண்டு பிறந்தநாள் வாழ்த்து. நான் நகத்தால் ஓரத்தைச் சுரண்டினேன். அடியில் என் மகள் பெயரின் பாதி தெரிந்தது.

பாய் சார்ட்டைத் தரையில் விரித்து நான்கு மூலையிலும் பெயின்ட் டப்பா வைத்தார். ஐந்தாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் சுதந்திரப் போராட்ட வீரர்கள் பத்துப் பேர் படம் ஒட்டி வரச் சொன்னார்களாம். ஆயிஷா புத்தகத்திலிருந்து வெட்டி ஒட்டியிருக்கிறாள். வெட்டியது போக மீதியெல்லாம் பழைய பேப்பரில் போய்விட்டது. படங்களுக்கு முன்னும் பின்னும் இருந்த எழுத்து எல்லாம் போய்விட்டது.

இவர் தரையில் மண்டியிட்டார். முகத்தைத் தாளிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைத்து, இருக்கிற துளிப் பார்வையை ஒவ்வொரு படமாக நகர்த்தினார். கோட்டைச் சுவர் மேல் நின்றவன். வளரி எறிகிறவன். குடத்தோடு அந்தச் சின்னப் பெண். ஒவ்வொன்றின் கீழும் சுதந்திரப் போராட்ட வீரர் என்று ஆங்கிலத்தில் அழகான கையெழுத்து, பக்கத்தில் எண். ஏழாவது படத்தில் நின்றார். சிவப்புக் கோட்டும் தொப்பியும் போட்ட கம்பெனித் தளபதி. அவன் கீழும் சுதந்திரப் போராட்ட வீரர் என்று எழுதியிருந்தது. சார்ட்டின் மூலையில் டீச்சர் சிவப்பு மையில் நட்சத்திரம் போட்டிருந்தார்.

"இவன் ஏம்மா இங்க இருக்கான்?" என்று கேட்டார்.

ஆயிஷா அப்பாவைப் பார்த்தாள். "பத்து பேர் வேணும்னாங்க அங்கிள். அவர் ட்ரெஸ் நல்லா இருந்துச்சு."

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. இந்தப் படங்களுக்காக இந்த மனுஷன் எத்தனை ஊர் வெயிலில் நின்றார் என்று எனக்குத் தெரியும்.

படங்களின் பின்பக்கம் எழுத்து இருக்கும், அதையாவது எடுக்கலாம் என்று ஜபருல்லா பாய் கீழே போய், சுவருக்குப் பட்டி பார்க்கும் மெல்லிய தகடு ஒன்றைக் கொண்டுவந்தார். குடம் சுமக்கும் பெண்ணின் ஓரத்தில் தகட்டைக் கொடுத்து மெதுவாக நெம்பினார். படம் மேலோடு உரிந்தது, பின்பக்கம் கோந்தோடு சார்ட்டிலேயே வெள்ளையாக நின்றது. ஒரு எழுத்துகூட இல்லை.

"விடுங்க பாய்" என்றார் இவர். "அவ கையால ஒட்டினது. கிழிக்க வேணாம்."

"சார், நீங்க எழுதினதுன்னு சத்தியமா தெரியாது சார். தெரிஞ்சிருந்தா…" என்றார் பாய். சார்ட்டை எடுத்துப் போகச் சொன்னார். இவர் வேண்டாம் என்றார்.

எழுந்து நிற்க நான் கை கொடுத்தபோது ஆயிஷா பக்கத்தில் வந்தாள். "அங்கிள், அந்த சண்டைல யாரு ஜெயிச்சாங்க?"

"நாம தோத்துட்டோம்மா" என்றார் இவர். "கோட்டைய இடிச்சுத் தரைமட்டம் ஆக்கிட்டாங்க. நெறைய பேரத் தூக்குல போட்டாங்க."

அவள் யோசித்தாள். "ஆனா அந்தக் குதிரை வீட்டுக்குத் திரும்பி வந்துச்சுல்ல? எனக்கு அது ரொம்பப் புடிக்கும். நெறைய வாட்டி படிச்சேன்."

நான் இவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு நொடிதான்.

"வந்துச்சும்மா" என்றார். "அது திரும்பி வந்துச்சு."

மணி பன்னிரண்டு. குரோம்பேட்டை ரயில் நிலையம் வரை எழுநூறு மீட்டர், நடந்தே போனோம். ஜி.எஸ்.டி. சாலை சிக்னலில் இப்போதே சட்டையில் குத்தும் கொடிகள் விற்க ஆரம்பித்துவிட்டார்கள். பிளாட்பாரத்தில் உட்கார்ந்து பதிப்பகத்துக்காரருக்குக் கிடைக்கவில்லை என்று செய்தி போட்டேன். "பரவாயில்லை மேடம்" என்று உடனே பதில் வந்தது. அவருக்குப் பரவாயில்லைதான்.

இதேபோல் தொலைந்த புத்தகத்தைத் தேடிப் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஞாயிறு காலை எட்டு மணியிலிருந்து பதினோரு மணிக்குள் போனால்தான் வீட்டில் ஆள் இருப்பார்கள். எல்லா வீட்டிலும் காபி குடிக்காதீர்கள், வயிறு தாங்காது. சிட்லபாக்கம், அஸ்தினாபுரம் உள்தெருக்களில் பஸ்ஸை நம்ப வேண்டாம், ஆட்டோவுக்கு எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து இருநூறு ஆயிற்று. குரோம்பேட்டையிலிருந்து தாம்பரத்துக்கு ரயில் ஐந்து ரூபாய், ஞாயிறு என்றால் ரயில் குறைவு, அரை மணி நேரம் காத்திருக்க நேரும். தாம்பரம் கிழக்கில் இறங்கினால் ராஜகீழ்ப்பாக்கத்துக்கு ஷேர் ஆட்டோ இருக்கிறது. போனில் "இருக்கு" என்று சொன்னால், என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். புத்தகம் எழுதுகிறவர்கள் ஒரு பிரதியைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளுங்கள், யார் கல்யாணமானாலும் எடுக்காதீர்கள். யாராவது தாம்பூலப் பையில் புத்தகம் போட்டுக் கொடுத்தால் தேங்காயைச் சட்னி அரைத்த கையோடு முதல் பக்கத்தையாவது படித்துவிடுங்கள். இதை எழுதினால் யாராவது கேட்பார்கள் என்கிற நம்பிக்கை எனக்கு இல்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

தலைப்பைப் பார்த்துவிட்டு யாரிடமாவது அந்தப் புத்தகம் இருக்கிறது என்று எழுதுவீர்களோ என்று இன்னமும் ஒரு மூலையில் தோன்றுகிறது. இவரிடம் அப்படிச் சொன்னால் கோபித்துக்கொள்வார். அலமாரியில் இப்போது, ராமநாதன் சார் பிறகு கொடுத்தனுப்பிய பெரியவர்கள் புத்தகம் இருக்கிறது, குங்குமத்தோடு. அதை நாங்களும் பிரிக்கவில்லை. அவரால் படிக்க முடியாது, நான் படித்துக் காட்டுகிறேன் என்றாலும் வேண்டாம் என்கிறார்.

ரயிலில் நடந்தது ஒன்று பாக்கி. கூட்டம் இல்லை, ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. வண்டி சானடோரியம் ஸ்டேஷனைத் தாண்டியது. இவர் முகத்தை என் பக்கம் திருப்பாமலே கேட்டார்.

"வசந்தா, குதிரை கிடையாதுல்ல நம்ம புக்குல?"

"கிடையாதுங்க" என்றேன்.

தாம்பரம் வந்துகொண்டிருந்தது. இறங்குவதற்காக நான் அவர் கையைப் பிடித்தேன்.

"இருந்திருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றார்.